ஒற்றை மண்புள்ளி

ஏரிக்கரைக் காட்டில் பொன்னுச்சி என்றொரு ஆண் தூக்கணாங்குருவி வாழ்ந்தது. கூடு கட்டுவதில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளே கிடையாது. கோபப்படுவதிலும் அப்படித்தான்.

மற்ற தூக்கணாங்குருவிகள் ஆளுக்கொரு கூட்டைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்துவிடும். பொன்னுச்சி வேறு மாதிரி யோசித்தது. எந்தக் கூடானாலும் கிளையில் தொங்க ஒரு வளையம் வேண்டும். உள்ளே போக ஒரு வாசல் வேண்டும். முட்டை உருளாமல் இருக்க ஒரு தட்டு வேண்டும். காட்டில் உள்ள அத்தனை பேரும் இதையே முதலிலிருந்து கட்டி, அத்தனை பேரும் ஒரே தப்பைச் செய்து, காற்றடிக்கும்போதெல்லாம் கூட்டைப் பறிகொடுப்பானேன்? ஒவ்வொன்றையும் தனித்தனியாக, ஒரே அளவில், ஒழுங்காகச் செய்து வைத்துவிட்டால் வேண்டியவர்கள் எடுத்துப் பொருத்திக்கொள்ளலாமே!

ஒரு வருடம் இதே வேலையாக இருந்தது. பனையோலையை நாராகக் கிழித்தது, பின்னியது, இழுத்துப் பார்த்தது, பிடிக்காததைப் பிய்த்துப் போட்டு மறுபடி பின்னியது. பிறகு ஏரியோரத்துக் கருவேல மரத்தின் தாழ்ந்த கிளையில் வளையங்களையும் வாசல்களையும் தட்டுகளையும் வரிசையாகத் தொங்கவிட்டு, காடு முழுக்கச் சொல்லி அனுப்பியது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பதிலுக்கு எதுவும் தர வேண்டாம்.

எல்லோரும் கூடியபோது பொன்னுச்சி வளையத்தைக் கட்டும் முறையைச் செய்து காட்டியது. கூட்டின் நாரை வலப்பக்கத்திலிருந்து நுழைத்து இழுக்க வேண்டும். பாரம் ஏற ஏற முடிச்சு இறுகும். ஒவ்வொரு வளையத்திலும் ஏரி மண்ணால் ஒரு புள்ளி வைத்திருந்தது.

"இந்தப் புள்ளியை நல்லாப் பாத்துக்கோங்க. ஒரு புள்ளின்னா இப்ப நான் காட்டின மாதிரிதான் கட்டணும். என்னைக்காவது பின்னலை மாத்தினா ரெண்டு புள்ளி வைப்பேன். புள்ளி மாறாத வரைக்கும் கட்டுற முறையும் மாறாது. நம்பிக் கட்டுங்க."

நம்பிக் கட்டினார்கள். அந்த வருடம் காட்டில் ஒரு கூடுகூட விழவில்லை. நன்றி சொல்லத்தான் யாரும் வரவில்லை. குறை சொல்ல மட்டும் வரிசையில் நின்றார்கள்.

கொறியன் என்ற அணில், வாசலில் தன் வால் சிக்குகிறது என்று வந்தது. சாயங்காலத்துக்குள் அகலமாக்கித் தர வேண்டுமாம். அகலமாக்கிக் கொடுத்தால், குளிர் காற்று உள்ளே வருகிறது என்று மறுநாள் வந்து நின்றது. மிடுக்கி என்ற மைனா இன்னும் மோசம். தன் மரப்பொந்துக்குள் முட்டைத் தட்டைத் தொங்கவிட வளையத்தை எடுத்துப் போனது. பக்கத்து மரங்களில் போய், இந்தப் பின்னலைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்று பீற்றிக்கொண்டது. வளையத்தில் ஒரு குறையும் இருந்தது. இரண்டு மாதத்தில் நார் நைந்துவிடும், வேறு மாற்ற வேண்டும். நைந்த அன்று மட்டும் மிடுக்கிக்கு அது பொன்னுச்சியின் பின்னல் ஆகிவிடும்.

ஒருநாள் மிடுக்கி கருவேல மரத்துக்கே வந்து கத்தியது.

"திரும்பவும் நைஞ்சுபோச்சு. இதைக் காட்டத்தான் காட்டையே கூட்டினியா?"

"புதுசு தொங்குது, எடுத்துக்கோ. வர்றப்ப ரெண்டு நார் கிழிச்சுட்டு வந்தா என்ன?"

"எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு. நீ சும்மாதானே உட்கார்ந்து பின்னிக்கிட்டிருக்க."

சும்மா! பொன்னுச்சிக்கு உச்சிமுதல் வால்வரை பற்றி எரிந்தது. அதன் சொந்தக் கூடு கவிழ்த்த கிண்ணம் மாதிரி பாதியில் நின்றது. பாதிக் கூட்டை வந்து பார்த்துப் பிடித்திருந்தால்தான் பெட்டைக் குருவி தங்கும். இரண்டு பெட்டைகள் வந்து பார்த்தன, ஒன்றும் சொல்லாமல் பறந்து போயின. ஊர்க்கூட்டுக்கெல்லாம் வளையம் செய்தவனுக்குச் சொந்தக் கூட்டை முடிக்க நேரமில்லை. அவனைப் பார்த்துச் சும்மா என்கிறது ஒரு மைனா. யாருக்குத்தான் கோபம் வராது?

குறையே சொல்லாத ஒரே ஜீவன் மின்னி என்ற தேன்சிட்டு. வரும், ஒரு வளையத்தை எடுக்கும், அலகில் கொண்டுவந்த சிலந்தி இழையைக் கிளையில் சுற்றி வைத்துவிட்டுப் போகும். பின்னலுக்கு அந்த இழை ரொம்ப உதவும். ஒருமுறை மட்டும் அது நின்று பேசியது. புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பேன், அவ்வளவுதான், பிறகு கண்ணை மூடிக்கொண்டுகூடக் கட்டிவிடுவேன் என்றது.

மைனா கத்திவிட்டுப் போன பிறகு பொன்னுச்சி வைராக்கியமாக உட்கார்ந்து புதிய வளையம் ஒன்றைப் பின்னியது. இரட்டை முறுக்கு. ஒரு வருடமானாலும் நையாது. இனி ஒருத்தரும் கருவேல மரத்துப் பக்கம் குறையோடு வர முடியாது. ஆனால் முறுக்கு மாறியதால் முடிச்சும் மாறிவிட்டது. இதில் நாரை இடப்பக்கத்திலிருந்து நுழைக்க வேண்டும். வலப்பக்கத்திலிருந்து நுழைத்தால் சும்மா தொங்கும்போது நிற்கும், காற்றில் ஆடினால் நழுவிவிடும்.

அப்படியானால் இரண்டு புள்ளி வைக்க வேண்டும். பொன்னுச்சி அலகு நிறைய மண்ணோடு வந்து முதல் புள்ளியை வைத்தது. இரண்டாவதை வைக்கப் போகும்போது யோசித்தது. இரண்டு புள்ளியைப் பார்த்தால் காடே திரண்டு வரும். ஏன் மாற்றினாய், யாரைக் கேட்டு மாற்றினாய், பழையதில் என்ன குறை என்று நூறு கேள்வி கேட்கும். பழையது நைகிறது என்று கத்தியதே இவர்கள்தான் என்பது ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது.

'சும்மா பின்னுறவன் எதுக்குச் சொல்லணும்? கண்ணு இருக்குறவங்க பின்னலைப் பாத்துக் கட்டிக்கட்டும்.'

மீதி மண்ணை ஏரியில் துப்பியது. கருவேல மரத்தில் தொங்கிய பழைய வளையங்களை எல்லாம் பிய்த்தெறிந்துவிட்டு, ஒற்றைப் புள்ளி வைத்த புதிய வளையங்களைத் தொங்கவிட்டது. அதன் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்தப் புள்ளியில் இல்லை.

ஐந்து நாளில் ஏழு பேர் எடுத்துப் போனார்கள். மிடுக்கி எடுத்தது, கொறியன் எடுத்தது, கடைசியாக மின்னியும் வந்தது. வழக்கம்போல் சிலந்தி இழையைக் கிளையில் சுற்றியது. இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள் கூட்டில் இருப்பதாகவும், பழைய வளையம் நைந்துவிட்டதால் ஆடிக் காற்றுக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும் என்றும் சொன்னது. பொன்னுச்சிக்குத் தொண்டைவரை வந்துவிட்டது, இடப்பக்கத்திலிருந்து கட்டு என்று. அதே நேரம் கொறியன் மேல்கிளையிலிருந்து வாசலைப் பற்றி ஏதோ முனகியது. பொன்னுச்சி எரிச்சலோடு அந்தப் பக்கம் திரும்பி அதைத் திட்ட ஆரம்பித்தது. திட்டி முடித்தபோது மின்னி போய்விட்டிருந்தது.

மறுநாள் மதியம் ஆடிக் காற்று கிளம்பியது.

மின்னியின் கூடு ஏரிமேல் நீண்ட ஒரு கிளையில் தொங்கியது. மூன்று முறை ஆடியது. நான்காவது ஆட்டத்தில் முடிச்சு நழுவி, கூடு அப்படியே தண்ணீரில் விழுந்தது. அலறல் கேட்டுப் பொன்னுச்சி பறந்து வருவதற்குள் கூடு நனைந்து மூழ்கிவிட்டது. குஞ்சுகள் இரண்டும் அதோடு போயின. வளையம் மட்டும் கொஞ்சமும் நையாமல் கிளையில் ஆடிக்கொண்டிருந்தது.

பொன்னுச்சியின் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா?

"இடப்பக்கத்துலேர்ந்து நுழைச்சிருக்கணும்."

மின்னி அதை நிமிர்ந்து பார்த்தது.

"எத்தனை புள்ளி வச்சிருந்த?"

பொன்னுச்சி கிளையில் ஆடிய வளையத்தைப் பார்த்தது.

"எத்தனை புள்ளின்னு கேட்டேன்."

"ஒண்ணு." பிறகு அவசரமாக, "அதுங்க என்னைப் பேசின பேச்சு உனக்குத் தெரியாது. அந்தக் கோபத்துல..." என்று இழுத்தது.

"கோபம் அதுங்க மேல. என் குஞ்சுங்க உன்னை என்ன குறை சொல்லிச்சு?"

காற்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஆறு வளையங்கள் காட்டில் ஆடுகின்றன என்பது அப்போதுதான் பொன்னுச்சியின் மண்டையில் உறைத்தது. இறக்கையைப் பிய்த்துக்கொண்டு பறந்தது.

முதலில் மிடுக்கியின் பொந்து. தட்டில் நான்கு முட்டைகள் இருந்தன, காற்றில் மரமே ஆடியதில் முடிச்சு பாதி நழுவியிருந்தது. பொன்னுச்சி தான் செய்ததை ஒளிக்காமல் சொன்னது. மிடுக்கி பரம்பரையையே இழுத்துத் திட்டியது. தன் தலையில் விழுந்த ஒவ்வொரு சொல்லையும் வாங்கிக்கொண்டே பொன்னுச்சி முடிச்சை அவிழ்த்து, இடப்பக்கத்திலிருந்து நுழைத்துக் கட்டியது. அடுத்து கொறியன். பிறகு மற்ற நால்வர். எல்லா இடத்திலும் அதே உண்மை, அதே வசவு. காற்று ஓயும்வரை வேறு எந்தக் கூடும் விழவில்லை.

பொன்னுச்சி ஏரிக்கரைக்குப் போய் மண் எடுத்தது. கருவேல மரத்தில் மீதமிருந்த ஒவ்வொரு வளையத்திலும் இரண்டாவது புள்ளியை வைத்தது. கேள்வி கேட்க வந்தவர்களுக்கு எல்லாம் பதில் சொன்னது. அப்படியொன்றும் நூறு கேள்வி வரவில்லை. நாலைந்துதான் வந்தன.

பிறகு இருப்பதிலேயே நல்ல வளையம் ஒன்றை எடுத்துக்கொண்டு மின்னியைத் தேடிப் போனது. மின்னி ஒரு முட்புதரில் தனியாகச் சிலந்தி இழையை இழுத்து, தானே ஒரு வளையம் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு அந்த வேலை சரியாக வரவில்லை. இரண்டு முறை அறுந்தது. பொன்னுச்சி தன் வளையத்தைப் பக்கத்தில் வைத்து, இதில் இரண்டு புள்ளி இருக்கிறது என்றது.

மின்னி அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"நல்லாத்தான் பின்னியிருப்ப. ஆனா புள்ளியைப் பாத்தா இனிமே எனக்கு மண்ணுதான் தெரியும்."

மூன்றாவது முறை இழையை இழுத்து முடிச்சுப் போட ஆரம்பித்தது. பொன்னுச்சி வளையத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனது.

நம்பி வீட்டையே கட்டித் தொங்கவிட்டவர்களிடம் சொல்லாமல் பொருளை மாற்றுகிறவனுக்கு, அவன் கோபம் எவ்வளவு நியாயமானாலும் மன்னிப்பு இல்லை.