இருபது மௌனங்கள்

எபினேசர் முப்பது வருஷம் கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுத்துவிட்டு, ஓய்வு பெற்றபின் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். அவருடைய குரு திலகவதிக்கு வயது முப்பத்தாறு. இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார்.

கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரே ஓர் அணு. லேசர் ஒளி பட்டால் அது மினுக்கும். ஒவ்வொரு மினுக்குக்கும் கருவி 'டிக்' என்று சொல்லும். லட்சத்தில் ஒரு தடவை, ஒரு நிமிஷம் முழுக்க டிக்கே வராது. அந்த அபூர்வ மௌனத்தை வேண்டும்போதெல்லாம் வரவழைக்க வேண்டும். அதுதான் எபினேசரின் ஆய்வு. வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் பதிவு ரத்து, ஆறு வருஷமும் வீண்.

புதன்கிழமை மத்தியானம் திலகவதியின் அறைக்கு ஓடிவந்தார்.

"மேடம், வந்துடுச்சு! லேசரை ஆரம்பத்துலேர்ந்தே கணக்குப்படி மெல்ல மெல்லத் திருப்பினேன். இருபது தடவை ஓட்டினேன். இருபதும் மௌனம்."

"இருபதுமா?"

"ஒரு டிக் கிடையாது. முடிவு என்னன்னு அணுவுக்கு முன்கூட்டியே தெரிஞ்ச மாதிரி இருக்கு. பாருங்க, கையெல்லாம் சிலிர்த்துப்போச்சு."

திலகவதி ஆய்வகத்துக்கு வந்தார். கருவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை.

"அட்டெண்டன்ஸ் எடுத்தீங்களா சார்?"

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் லேசரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, டிக் வருகிறதா என்று பார்ப்பதற்கு அங்கே அப்படித்தான் பெயர். அணு சில சமயம் கூண்டிலிருந்து நழுவிவிடும்.

எபினேசர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

"இவ்வளவு சமர்த்தா இருக்கே, எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்."

"முப்பது வருஷ வாத்தியார் பேசற பேச்சா இது? இப்ப எடுங்க."

லேசரைப் பழைய நிலைக்குத் திருப்பினார். டிக் வரவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று. ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"ஐயோ, கூண்டு காலி. அப்போ இவ்வளவு நேரம் நான் யாரோட மௌனத்தைக் கேட்டுக்கிட்டிருந்தேன்?"

இருபது பதிவுகளையும் திரையில் அருகருகே வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒரே நேர்கோடு. முதலாவதுக்கும் இருபதாவதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது.

"மேடம், முதல்ல வந்த சிலதாவது நிஜம்தானே? அணு எப்ப நழுவிப் போச்சு? அதை மட்டும் சொல்லிடுங்க, எனக்குப் போதும்."

திலகவதி காலிக் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதைச் சொல்லக்கூடியது ஒண்ணே ஒண்ணுதான் சார் இருந்துச்சு. அதைத்தானே வாயைத் திறக்காதேன்னு பழக்கிட்டீங்க."