கைப்பிடிச் சுவரில் ஒரு பிடி சோறு

மாசிலாமணி அண்ணன் சொன்ன இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. அவர் பொய் சொல்கிறவர் அல்ல. ஆனால் தன் குரு சொன்ன அந்தப் பதிலைக் கேட்ட ஒருவர் அந்த வீட்டை வாங்கியிருப்பாரா? அவரோ அதே வீட்டில் உட்கார்ந்துதான் இதைச் சொன்னார்.

மனைவி இறந்ததிலிருந்து, காக்கை வந்து சோறு எடுக்காமல் அவர் பகலில் சாப்பிட்டதில்லை. கோவைக்கு வெளியே ஓர் அடுக்குமாடியில் வீடு பார்த்திருந்தார். மறுநாள் முன்பணம். அதற்குள் ஒருமுறை பார்க்கட்டும் என்று தன் குருவான சாமியை அழைத்துப் போனார்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் கதவைத் திறந்துவிட்டார். சாமி அறைகளைப் பார்க்கவில்லை. கையோடு கொண்டுவந்த சோற்றுத் தூக்கைத் திறந்து, ஒரு பிடி சோற்றைப் பால்கனிக் கைப்பிடிச் சுவரில் வைத்தார்.

“அங்க வைக்கக் கூடாதுங்க சாமி. கீழ் வீட்டுல எச்சம் விழுதுன்னு போன மாசந்தான் விதி போட்டோம்.”

“வீடு இவருதுதானே ஆகப்போகுது?”

“உள்ள இவருதுங்க. அந்தச் சுவரு எல்லாருக்கும் பொதுங்க.”

“காக்காய்க்கு அது தெரியுமா?”

செயலாளர் சிரித்தார். “அதுக்கு ஓட்டு இல்லீங்களே. வேணும்னா மொட்டை மாடியில வெச்சுக்கட்டுமுங்க, இப்போதைக்கு.”

சாமி சோற்றை வழித்துத் தூக்கிலேயே போட்டுக்கொண்டார்.

கீழே வந்ததும் மாசிலாமணி கேட்டார்: “மொட்டை மாடி இருக்குதுங்களே சாமி. விதி முப்பத்தாறையும் படிச்சுட்டேன். வாங்கறதுல வேற என்ன பயம்?”

“முப்பத்தேழாவதைப் படிச்சியா?”

“அதை இன்னும் எழுதலீங்களே.”

“யாரு எழுதுவாங்க?”

“கூட்டத்துலதானுங்க. பாதிப் பேருக்கு மேல கை தூக்குனா விதி.”

“அதுல உன் கையும் உண்டா?”

“வாங்குனா உண்டுங்க. அதுதானுங்களே எனக்குத் தைரியம்.”

“எனக்கு அந்தக் கையை நினைச்சாத்தான் யோசனையா இருக்கு” என்றார் சாமி.

சென்ற மாதம் அண்ணனைப் பார்க்கப் போனேன். எதிர் வீட்டு அம்மாள் தன் வாசலில் பாதி போட்ட கோலத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். காவலாளி பக்கத்தில் நின்றார். சுவரில் புது அறிவிப்பு: ‘வாசல் நடையில் கோலம் போடக் கூடாது. விதி 52.’

அண்ணன் மொட்டை மாடியில் காக்கைக்கு வைத்துவிட்டு இறங்கி வந்தார். இருவரும் இலை முன்னால் உட்கார்ந்தோம். இத்தனை வருடம் கேட்காததை அப்போது கேட்டேன்.

“கோலத்துக்கு விதி போட்ட அன்னைக்கு, உங்க கை எங்க இருந்ததுங்கண்ணா?”