கோட்டையும் தட்டானும்

“கனமான கப்பல் நல்லதுங்களா, வேகமான கப்பல் நல்லதுங்களா?” என்று கேட்டான் பூபதி.

குரு கை கழுவிக்கொண்டிருந்தார்.

“எங்க வலிக்குது?” என்றார்.

பூபதி விழித்தான். பக்கத்தில் நின்ற கோகிலவாணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

குரு என்றதும் தாடியையும் காவியையும் தேட வேண்டாம். பொள்ளாச்சியில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் ஹசீனாதான் அவர். பூபதிக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரும் பல்வலியோடு வராத நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து விண்கப்பல் கட்டுவார். அந்தப் பக்கத்தில் அந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் எங்காவது முட்டிக்கொண்டு நின்றால் அவரிடம்தான் போவார்கள். எல்லாரும் குரு குரு என்று கூப்பிட, அவரும் வேண்டாமென்று சொல்வதை விட்டுவிட்டார்.

ஒருமுறை உடுமலையிலிருந்து ஒருவர் எந்தப் பீரங்கி நல்லது என்று கேட்டு வந்தார். குரு அவருக்கு ஒரு டூத் பிரஷ் கொடுத்து அனுப்பினார். அவர் இன்னும் அதற்கு அர்த்தம் தேடிக்கொண்டிருக்கிறார். பல் மட்டும் வெளுத்திருக்கிறது.

விளையாட்டு இதுதான். கட்டம் கட்டமாகக் கப்பலைக் கட்டி விண்வெளியில் சண்டைக்கு அனுப்ப வேண்டும். எஞ்சின் ஒரு கட்டம், பீரங்கி ஒரு கட்டம், கவசத் தகடு ஒரு கட்டம், உள்ளே ஓடியாடும் குட்டி ஆட்கள் தூங்குவதற்கு ஒரு கட்டம். நடுவில் கப்பலுக்குச் சக்தி தரும் ரியாக்டர். அதில் அடி விழுந்தால் கப்பல் மொத்தமும் வெடித்துப் போகும். எல்லாருக்கும் கிடைப்பது ஒரே எண்ணிக்கையில் பாகங்கள்; எவை என்பது அவரவர் இஷ்டம். எதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பூபதி கட்டியதற்குப் பெயர் கோட்டை. முன்பக்கம் முழுவதும் கவசம். மெதுவாக நகரும், எதிரே வருகிறவன் குண்டெல்லாம் தீரும்வரை வாங்கிக்கொள்ளும், பிறகு அடிக்கும்.

கோகிலவாணி கட்டியதற்குப் பெயர் தட்டான். கவசமே கிடையாது. எஞ்சினும் சின்னத் துப்பாக்கிகளும்தான். நின்ற இடத்தில் நிற்காது.

இருவரும் கணவன் மனைவி. முதலில் அவன் கப்பலை அவள் சுட்டுத் தள்ளினாள், அதற்குப் பிறகுதான் ஜாதகம் பார்த்தார்கள்.

அன்று மாலை ஐந்து மணியோடு ஜோடிப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நேரம் முடிகிறது. ஒரு ஜோடிக்கு ஒரே கப்பல்; ஒருவர் ஓட்ட, மற்றவர் சுட வேண்டும். எந்தக் கப்பல் என்பதில் ஆரம்பித்த சண்டையில் வீட்டில் பேச்சே நின்றுபோயிருந்தது. உப்பு டப்பா எங்கே என்பதைக்கூட ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டார்கள்.

“பத்துக்கு ஏழு தடவை நான்தான் ஜெயிச்சிருக்கேனுங்க குருவே,” என்றான் பூபதி. “வீட்டுல நாங்க ரெண்டு பேரும் மோதிப் பாக்கறப்ப கோட்டைதான் நிக்குது. கணக்கே சொல்லுதே. இதுல பேசறதுக்கு என்ன இருக்குது?”

“நீங்க என்ன சொல்றீங்க?” என்று குரு கோகிலவாணியைப் பார்த்தார்.

“போட்டிக்கு வர்றவங்க யாரும் முன்னால வந்து நின்னு அடி வாங்க மாட்டாங்க டாக்டர். சுத்திச் சுத்தி வருவாங்க. கோட்டை திரும்பறதுக்குள்ள அவங்க டீ குடிச்சுட்டு வந்துருவாங்க.”

“அப்புறம் ஏன் ஏழு தடவை தோத்த?” என்றான் பூபதி.

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“தட்டான்ல ஒரு குண்டு பட்டாப் போதுங்க. பொரி மாதிரி சிதறிரும்,” என்றான் அவன் குருவிடம்.

“படணுமே,” என்றாள் அவள் சுவரிடம்.

அவள் மடியில் கிடந்த போன் ஒளிர்ந்தது. பூபதி அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

“யாரு?” என்று குரு கேட்டார்.

“ஈரோட்டுக்காரங்க. அவங்க டீம்ல ஓட்டறதுக்கு ஆள் இல்லையாம். தட்டானைக் கொண்டுட்டு வரச் சொல்றாங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். “அஞ்சு மணிக்குள்ள இங்க முடிவாகலீன்னா போலாம்னு இருக்கேன்.”

பூபதி அதை முதல்முறையாக அப்போதுதான் காதால் கேட்டான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர்கள் ஒரே ஜோடி. வேறு ஒருவர் சுட, இவள் ஓட்டுவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆனாலும் வாய் வேறு சொன்னது. “போறவங்க போகட்டும்ங்க. எது நல்ல கப்பல்னு மட்டும் நீங்க சொல்லுங்க.”

குரு துண்டில் கையைத் துடைத்தார். இன்னொரு லேப்டாப்பை எடுத்துவந்து மேஜையில் எதிரும் புதிருமாக வைத்தார்.

“கப்பலை மாத்திக்குங்க,” என்றார்.

“என்னங்க?”

“கோட்டையை அவங்க ஓட்டட்டும். தட்டானை நீங்க ஓட்டுங்க. எடுத்த கப்பல்ல ஒரே ஒரு பாகத்தை மாத்தலாம், இல்ல இடம் மாத்தி வைக்கலாம். அதுக்கு மேல கை வைக்கக் கூடாது.”

“இதுல என்ன தெரியும்?”

குரு அதற்குள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பூபதி தட்டானைத் திரையில் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஒரு விஷயம் தெரியும். கோட்டையின் பின்பக்கம், இடது எஞ்சினுக்குக் கீழே, ரியாக்டருக்கும் வெளிக்கும் நடுவில் வெறும் சுவர்தான் இருக்கிறது. கவசமெல்லாம் முன்பக்கத்துக்கே தீர்ந்துபோனதால் அங்கே வைக்க ஒரு தகடுகூட மிஞ்சவில்லை. எஞ்சினின் வெளிச்சத்தில் அந்த இடம் கண்ணில் படாது. அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடமும்தான்.

தட்டானில் ஒரு சின்னத் துப்பாக்கியை எடுத்தான். அந்த இடத்தில் நீளமான பீரங்கி ஒன்றை வைத்தான். தூரத்திலிருந்தே சுவரைத் துளைக்கிற பீரங்கி.

கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஜெயிக்கிற ஆசை கூச்சத்தைவிடப் பெரிதாக இருந்தது. உடையப் போவது தன் கோட்டைதான் என்பது அந்த நேரத்தில் அவன் நினைப்பிலேயே இல்லை.

எதிரே கோகிலவாணி ஒரே ஒரு முறை எதையோ நகர்த்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

“ஆச்சா?” என்றார் குரு, கண்ணைத் திறக்காமல்.

“ஆச்சுங்க.”

சண்டை தொடங்கியது.

கோட்டை அதன் வழக்கப்படி மெதுவாக முன்னால் வந்தது. பூபதி அதன் முன்னால் போகவே இல்லை. தட்டான் கை வைத்ததும் வழுக்கிக்கொண்டு ஓடியது. இத்தனை லேசாகத் திரும்புமா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. மேலே ஏறி, வளைந்து, கோட்டையின் முதுகுக்கு வந்தான். இடது எஞ்சின். அதற்குக் கீழே.

சுட்டான். குறி தப்பவில்லை.

கோட்டை வெடிக்கவில்லை.

மறுபடி அதே இடத்தில் சுட்டான். வெளிச்சத்துக்கு உள்ளே ஏதோ மின்னியது. ஒரு கவசத் தகடு. கோட்டையின் முன்பக்கத்தில் இருந்த தகடுகளில் ஒன்று அங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

பூபதியின் கை நின்றது. கோட்டை நிதானமாகத் திரும்பி அவனுக்கு நேரே வந்தது. அவள் சுடவில்லை.

“அங்க தகடு இல்லையே,” என்றான் பூபதி, வாய் தவறி.

“இப்ப இருக்குது,” என்றாள் கோகிலவாணி.

வாரக்கணக்கில் அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்ட முதல் நல்ல வார்த்தை அதுதான்.

“அந்த இடம் உனக்கு எப்பத் தெரியும்?”

“நீங்க கட்டின அன்னைக்கே.”

“அன்னைக்கேவா?”

“பின்னால ஒரு சுத்து வந்தாத் தெரியுதே.”

“அப்புறம் ஏன் ஒரு நாள்கூட நீ அங்க சுடல?”

அவள் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தோத்தா நீங்க ராத்திரி சாப்பிடாம படுத்துக்கறீங்க.”



பத்துக்கு ஏழு. ஆபீஸில் சொல்லியிருக்கிறான். மச்சானிடம் சொல்லியிருக்கிறான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இதே அறையில் சத்தமாகச் சொன்னான். பூபதிக்குக் காது இரண்டும் சுட்டன. எங்காவது மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

“பூபதி,” என்றார் குரு. இப்போது கண் திறந்திருந்தது. “தட்டானை எங்க அடிச்சா விழும்?”

“அதுங்க…”

திரையைப் பார்த்தான். எத்தனையோ தடவை அதோடு மோதியிருக்கிறான். அதன் வேகம் தெரியும், அதன் மீது வந்த எரிச்சல் தெரியும். வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தான். திறந்த வாயைக் கண்ட பழக்கத்தில் குருவின் கை டார்ச்சைத் தேடிப் போய், பாதியில் நின்றது.

“தெரியலீங்க,” என்றான்.

குரு தலையை ஆட்டினார். பாராட்டா, பரிதாபமா என்று கண்டுபிடிக்க முடியாத ஆட்டம்.

வாசலில் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். குரு எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டு, அவரை உள் அறைக்கு அழைத்துப் போனார். எங்க வலிக்குது என்று கேட்பது வெளியே கேட்டது.

மணி ஐந்தாக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

பூபதி தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தான். நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். தட்டானைத் திரையில் பெரிதாக்கினான். தான் வைத்த நீளமான பீரங்கியை எடுத்தான்.

“இதுக்குப் பதிலா ஒரு தகடு கிடைக்கும்,” என்றான். அவளைப் பார்க்காமல்தான் சொன்னான். “தட்டானுக்கே வெச்சுக்கலாம். எங்க வைக்கட்டும், கோகி?”

அவள் மடியில் போன் மறுபடி ஒளிர்ந்தது. அதைக் கவிழ்த்து வைத்தாள்.

திரையில் தட்டானின் இடுப்பு போல ஒடுங்கிய ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

“இங்கதானுங்க,” என்றாள்.