தாழி சொன்ன பதில்

மாதாகோயில் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும்போது பாக்கியநாதனின் மண்வெட்டி ஒரு பெரிய தாழியில் இடித்தது. பழங்காலத்தில் பிணத்தை வைத்துப் புதைத்த தாழி. கோயில் நிர்வாகி ஞானாபரணம் ஊராரோடு வந்து பார்த்தார்.

"கிறிஸ்து பிறக்கும் முன்னே செத்த கூட்டம். நரகத்துக்குப் போனவர்களுக்கு இங்கே இடமில்லை. ஓடையில் கொட்டு. நாளைக்கு இங்கே புதைத்திருக்கிற உன் அப்பன் சுடலைமுத்தையும் தோண்டு. அவனும் ஞானஸ்நானம் வாங்காதவன்தானே!"

"அவர் பிறக்கும் முன்னே போனவங்க அவரை எப்படி முதலாளி அறிவாங்க?"

"அறிவேன் என்று வாயால் சொல்லட்டும். தாழியில் கிடப்பவனையும் உன் அப்பனையும் விட்டுவிடுகிறேன்."

ஊரார் சிரித்தார்கள். பாக்கியநாதன் தாழியின் மூடியைக் கொஞ்சமாக நகர்த்தினான்.

"நான் கேட்டா நம்பமாட்டீங்க முதலாளி. நீங்களே கேளுங்க."

ஞானாபரணம் சிரித்துக்கொண்டே மண்டியிட்டு, இடுக்கில் வாயை வைத்துக் கத்தினார்.

"கிறிஸ்துவை அறிவாயா?"

"அறிவாயா?" என்றது தாழி.

சிரிப்பு நின்றது.

"உங்களைத்தான் திருப்பிக் கேக்கிறாங்க. ஊரே பார்க்குது, பதில் சொல்லுங்க முதலாளி."

ஞானாபரணம் மறுபடி இடுக்கில் குனிந்து, "அறிவேன்" என்றார்.

"அறிவேன்" என்றது தாழி.

"சொல்லிட்டாங்க. இத்தனை பேர் சாட்சி!" என்றான் பாக்கியநாதன்.

ஞானாபரணம் முழங்கால் மண்ணைக்கூடத் தட்டாமல் நடந்தார். ஊரும் பின்னால் போனது.

வெறும் பானைக்குள் பேசினால் குரல் திரும்பி வரும் என்பதுதான் பாக்கியநாதனின் தந்திரம். மூடியைச் சரியாக வைப்பதற்காக முழுதும் திறந்தான். தாழிக்குள் கழுத்துவரை மண் இறுகிக் கிடந்தது. குரல் திரும்பி வர உள்ளே இடமே இல்லை.