கோட்டுக்கு வெளியே விழுந்த பந்து

"ஐயா, நாளைக்கு நான் ஆட வரல," என்றான் வைத்திலிங்கம்.

சவரிராயர் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"காய்ச்சலா?"

"இல்லீங்க. எதிர்ப்பக்கம் நிக்கப்போறது நீங்க."

பாரிஸ் நகரம். முதல் உலக யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி. செம்மண் தரையில் பல தேசத்துக்காரர்கள் ஆடும் டென்னிஸ் போட்டி. புதுச்சேரியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் இரண்டே பேர்தான். வாத்தியார் ஒருவர், அவரிடம் மட்டை பிடிக்கக் கற்றவன் ஒருவன். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். குலுக்கின வெள்ளைக்காரனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

"கத்துக்கொடுத்தவரையே ஜெயிச்சா ஊர்ல எந்த மூஞ்சியோட நடப்பேன்?"

"ஆக, ஜெயிக்கப்போறது நீதான்னு முடிவே பண்ணிட்டே."

வைத்திலிங்கத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"பேசாம வந்து ஆடு," என்றார் சவரிராயர்.

வந்தான். மனசுக்குள் ஒரு கணக்கோடுதான் வந்தான். யாருக்கும் சந்தேகம் வராமல், கௌரவமாகத் தோற்றுவிடுவது.

செம்மண் தரையில் பந்து விழுந்தால் தடம் பதியும். அவன் அடித்த பந்து கோட்டுக்கு இரண்டு விரற்கடை வெளியே விழுந்தது.

"வெளியே," என்றார் நடுவர்.

சவரிராயர் போய்க் குனிந்து பார்த்தார். தடத்தைக் காலால் தேய்த்துவிட்டார்.

"உள்ளே," என்றார்.

அவரே விட்டுக்கொடுக்கும்போது நடுவர் என்ன செய்வார்? புள்ளி வைத்திலிங்கத்துக்குப் போயிற்று. சனங்கள் கை தட்டினார்கள். என்ன பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்கள்.

அவன் மறுபடி வெளியே அடித்தான். அவர் மறுபடி தேய்த்தார்.

வலையில் அடித்துப் பார்த்தான். அடுத்த பந்தை அவரும் வலையில் அடித்தார்.

இப்படியே முதல் செட் முடிந்தது. ஜெயித்தவன் வைத்திலிங்கம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவனுக்கு.

பக்கம் மாறும்போது வலையோரம் இருவரும் எதிர்ப்பட்டார்கள்.

"ஐயா, அதெல்லாம் வெளியே போன பந்து."

"தெரியும்."

"அப்புறம் ஏன் உள்ளேன்னு சொன்னீங்க?"

"நீ பிச்சை போட்டே. எனக்கு வேண்டாம், திருப்பிக் கொடுத்தேன்."

"நான் மரியாதைக்காகத்தான்..."

"இதுதான் என் கடைசிப் போட்டி, வைத்தி. முழங்கால் ரெண்டும் போச்சு. நான் கத்துக்கொடுத்ததை எதிர்ப்பக்கம் நின்னு ஒரு தரமாவது வாங்கிப் பாத்துடணும்னு இவ்வளவு தூரம் வந்தேன். நீ இன்னும் ஒண்ணுகூட அடிக்கல."

தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

வைத்திலிங்கம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். நடுவர் தொண்டையைக் கனைத்தார்.

பிறகு முழு மூச்சோடு போட்டான். கோட்டுக்கு நன்றாக உள்ளேதான் விழுந்தது. சவரிராயர் அதை எட்டிப் பிடிக்கப் பாய்ந்தார். கால் சறுக்கியது. குப்புற விழுந்தார்.

வெள்ளைச் சட்டை, தாடை, மீசை எல்லாம் செம்மண்.

"ஐயையோ, வாத்தியாரே..."

மட்டையைப் போட்டுவிட்டு வலையை நோக்கி ஓடினான் வைத்திலிங்கம்.

சவரிராயர் தரையில் கிடந்தபடியே கையை நீட்டி அவனைத் தடுத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எங்கே வர்றே? போய் அடுத்ததைப் போடு."