மூன்றாவது வீட்டின் கூரை

மலைமேல் இருந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. முழுத் துறவுக்கான செவ்வாடை கேட்பவர், தாம் விட்டுவந்த ஊரை வரைந்து குருவிடம் காட்ட வேண்டும். குரல் நடுங்காமல் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். பிறகுதான் ஆடை.

ரிக்சினுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. இரண்டு முறை தள்ளிப்போட்டு, அந்தக் குளிர்காலத்தில்தான் வரைந்து எடுத்து வந்தார். சமையல் பார்க்கும் துறவி ஓவியத்தை எட்டிப் பார்த்தார்.

"மூன்றாவது வீட்டுக்காரன் இன்னும் எழுந்திருக்கவில்லை போல" என்று கேலியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

குரு பால்தன் ஓவியத்தை மடியில் வைத்துக்கொண்டார். பனி மூடிய மலைச்சரிவு. இலையில்லாத மரங்கள். நான்கு பழைய மண்வீடுகள்.

மரங்கள் ஆசை உதிர்ந்த மனம் என்றார் ரிக்சின். சுவர்கள் கரையப்போகும் உடல் என்றார். குரல் நடுங்கவில்லை.

"இதில் உன் வீடு எது?"

"மூன்றாவது."

"மற்றக் கூரைகளில் மண் தெரிகிறது. இது மட்டும் ஏன் வெள்ளை?"

"பற்று எல்லாம் மறைந்துவிட்டது என்று காட்ட அப்படி வரைந்தேன், குருவே."

குருவும் அந்தப் பக்கத்துக்காரர்தான். அங்கே எல்லாமே தட்டையான மண்கூரைகள். பனி விழுந்தால் மறுநாள் விடிந்ததும் வீட்டுக்காரர் மேலே ஏறித் தள்ளிவிடுவார். விட்டுவிட்டால் நீர் இறங்கிக் கூரை உட்கார்ந்துவிடும்.

"உன் வீட்டில் யார் பனி தள்ளுவது?"

"அப்பா. அவருக்குப் பின் நான்."

"நீ இங்கே வந்த பிறகு?"

"அம்மா."

"இப்போது?"

ரிக்சின் ஓவியத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இறந்த செய்தி வந்து மூன்று குளிர்காலம் ஆகியிருந்தது. செய்தி வந்த அன்றே குரு ஊருக்குப் போய்வரச் சொல்லியிருந்தார். பற்று விட்டுவிட்டது, போக வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு ரிக்சின் அன்று பாத்திரம் கழுவப் போய்விட்டிருந்தார்.

குரு எழுந்தார். மடித்து வைத்திருந்த செவ்வாடையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். மடத்துக் கூரையில் பனி தள்ளும் நீண்ட காம்புள்ள மரப்பலகை கதவோரம் சாத்தியிருந்தது. அதை எடுத்துவந்து ரிக்சின் கையில் கொடுத்தார்.

"போய்த் தள்ளிவிட்டு வா."

ரிக்சினின் குரல் அப்போதுதான் நடுங்கியது.

"அந்த வீட்டில் யாரும் இல்லையே, குருவே."

"இருந்தால் அவர்களே தள்ளியிருப்பார்கள்."