இலந்தை இடுக்கில் ஒரு சீழ்க்கை

மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஒரு காட்டில் ஒரு செந்நாய்க் கூட்டம் வாழ்ந்து வந்தது. செந்நாய் ஊர் நாய்போலக் குரைக்காது, குழந்தைகளே. சீழ்க்கை அடிக்கும். நம்பிக்கை இல்லையென்றால் காட்டுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.

அந்தக் கூட்டத்தில் கருவாலன், செம்பன் என்று இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். மூத்தவன் கருவாலன், இளையவன் செம்பன். வேட்டையில் ஆளுக்கு ஒரு வேலை. செம்பன் மற்ற நாய்களோடு மானை விரட்டிக்கொண்டு வருவான். காட்டோரத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு உண்டு. அதன் வாயில் ஓர் இலந்தைப் புதர். மானுக்குத் தப்பிக்க அது ஒன்றுதான் வழி. கருவாலன் அங்கே நின்று வழியை மறிப்பான்.

விரட்டி வரும்போது செம்பன் இரண்டு சீழ்க்கை அடிப்பான். ‘வருகிறது’ என்று அதற்குப் பொருள். இலந்தைப் புதரிலிருந்து நீளமாக ஒரு சீழ்க்கை வரும். ‘இருக்கிறேன்’ என்று பொருள். அந்தப் பதிலைக் கேட்காமல் கூட்டம் பாயக் கூடாது. அது அவர்கள் குல வழக்கம்.

ஒரு நாள் மானுக்கு முன்னால் ஒரு காட்டுப்பன்றி மிரண்டு ஓடி வந்தது. கருவாலன் விலகியிருக்கலாம். விலகவில்லை. தம்பியின் சீழ்க்கை கேட்டது. ‘இருக்கிறேன்’ என்று பதில் கொடுத்தான். செம்பன் வந்து சேர்ந்தபோது, அண்ணன் பன்றியின் கோரைப்பல் குத்தி, விலா கிழிந்து புதரடியில் கிடந்தான். தம்பியின் முகத்தை ஒரு முறை நக்கினான். அதோடு அவன் உயிர் போய்விட்டது.

கூட்டமே அழுதது. ஆனால் துக்கம் வந்தால் பசி போய்விடுமா? மறுபடியும் வேட்டைக்குப் புறப்பட்டார்கள்.

செம்பன் மானை விரட்டினான். இரண்டு சீழ்க்கை அடித்தான். பிறகு சட்டென்று நின்று, காதுகளைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தான். பதில் வரவில்லை. மான் இடுக்கு வழியே ஓடிப் போய்விட்டது.

“நான் போய் அங்கே நிற்கட்டுமா?” என்று கூட்டத்தில் ஒரு நாய் மெல்லக் கேட்டது.

செம்பன் பல்லைக் காட்டி உறுமினான். “அது என் அண்ணன் இடம். எவனாவது காலை வைத்தால் கடித்துக் குதறிவிடுவேன்!”

அதன் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வேட்டையிலும் செம்பன் சீழ்க்கை அடித்தான், நின்றான், காத்திருந்தான். அதற்கடுத்த வேட்டையிலும் அப்படித்தான்.

அந்தக் காட்டில் ஒரு தந்திரக்காரக் கடமான் இருந்தது. நடப்பதை அது கவனித்துவிட்டது.

“நாய் விரட்டினால் இலந்தை இடுக்குக்கு ஓடுங்கள்!” என்று தன் இனத்துக்கெல்லாம் சொல்லிவைத்தது. “அங்கே காவல் காப்பது செத்துப்போன நாய்!”

அதோடு விட்டதா? ஒரு நாள் இடுக்கைத் தாண்டிப் போய், பாறை மேல் நின்று திரும்பிப் பார்த்தது. “செம்பா! உன் அண்ணன் தங்கமானவர் அப்பா! கேட்காமலே வழி விட்டுவிட்டார்!” என்று சிரித்தது.

செம்பனுக்குக் கோபம்கூட வரவில்லை. அவன் அப்போதும் காதுகளைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

குகையில் கருவாலனின் மனைவி மருதி சின்னஞ்சிறு குட்டிகளோடு காத்திருந்தாள். செம்பன் உள்ளே நுழைந்ததும் குட்டிகள் ஓடி வந்து சித்தப்பாவின் வாயை நக்கின. செந்நாய்க் குட்டிகள் இரை கேட்பது அப்படித்தான். பெரியவர்கள் தின்றதைக் கக்கிக் கொடுப்பார்கள். செம்பன் வயிற்றில் கக்குவதற்கு ஒன்றும் இல்லை.

“இன்றைக்கும் இல்லையா, தம்பி?” என்றாள் மருதி.

“இல்லை, அண்ணி. அண்ணன் பதில் சொல்லவில்லை.”

மருதி திடுக்கிட்டாள். “என்ன சொன்னாய்?”

“சீழ்க்கை அடித்துவிட்டு நின்று கேட்டேன், அண்ணி. காற்று பலமாக இருந்தது. அண்ணன் சொன்னது என் காதில் விழாமல் போயிருக்கும்.”

மருதிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. “உனக்கு அவர் அண்ணன். எனக்கு யார்? சருகு அசைந்தால்கூட அவர்தான் வருகிறாரோ என்று நானும் எட்டிப் பார்க்கிறேன். ஆனால் இங்கே பார். கடைக்குட்டி இன்றைக்கு உன் வாயை நக்க வந்ததா?”

செம்பன் அப்போதுதான் கவனித்தான். கடைக்குட்டி மூலையில் சுருண்டு கிடந்தது. சித்தப்பாவைப் பார்த்து வாலை மட்டும் லேசாக அசைத்தது. எழுந்திருக்க அதற்குத் தெம்பு இல்லை.

“நாளைக்கு நான் விரட்டுகிறேன். நீ இடுக்கில் நில்,” என்றாள் மருதி.

“அது அண்ணன் இடம், அண்ணி.”

“அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். வேறு யாரையாவது அங்கே நிறுத்த எனக்கு மட்டும் மனசு வருமா?”

பொழுது விடிந்ததும் செம்பன் எழுந்து இலந்தை இடுக்குக்குப் போனான்.

முள்ளில் கருவாலனின் மயிர் கொஞ்சம் சிக்கியிருந்தது. செம்பன் அதை முகர்ந்து பார்த்தான். மழை பெய்து வாசனையெல்லாம் போயிருந்தது. புதருக்குப் பின்னால் அண்ணன் நின்ற இடத்தில், மனம் ஒப்பாமல், ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தான்.

தூரத்தில் இரண்டு சீழ்க்கை கேட்டது. ‘வருகிறது.’

செம்பன் பழக்க தோஷத்தில் காதுகளைத் தூக்கிக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தான். பதில் எங்கிருந்து வரும்? சொல்ல வேண்டியவன் அவன்தானே!

மறுபடியும் இரண்டு சீழ்க்கை. இந்த முறை மருதியின் குரல் நடுங்கியது. கூட்டத்தின் ஓட்டம் தளர்ந்தது. மானின் குளம்புச் சத்தம் மட்டும் நெருங்கி வந்தது. கடைக்குட்டியின் வால் அசைந்தது செம்பனின் கண்ணுக்குள் வந்தது. வாயைத் திறந்தான்.

‘இருக்கிறேன்.’

கீச்சென்று, பாதியில் உடைந்துபோன சீழ்க்கை அது. ஆனாலும் கேட்டது. கூட்டம் முழு வேகத்தில் பாய்ந்து வந்தது. அந்தச் சொல்லைத் தன் வாயால் சொன்ன பிறகுதான், இனி அதைச் சொல்ல அண்ணன் இல்லை என்பது செம்பனுக்கு உறைத்தது. கண்ணீர் பொங்கி வந்தது. ஆனால் அவன் இடத்தை விட்டு அசையவில்லை.

கடமான் துள்ளி வந்தது. “தங்கமானவரே, வழி...” என்று தொடங்கி, இரண்டு கண்களைக் கண்டதும் திகைத்து நின்றது.

“செத்தவன் இடத்தில் யார் நிற்பது?” என்று கத்தியது.

“அவன் தம்பி,” என்றான் செம்பன்.

முன்னால் செம்பன், பின்னால் கூட்டம். கடமானின் தந்திரம் அங்கேயே முடிந்தது.

அன்று குகையில் குட்டிகள் வயிறு நிறையத் தின்றன. செம்பன் கடைக்குட்டியின் அருகே போய்ப் படுத்து, முதலில் அதற்குக் கொடுத்தான். அது தின்றுவிட்டு, அவன் முன்னங்கால் மேல் தலையை வைத்துத் தூங்கிப்போனது.

“அண்ணி, என் சீழ்க்கை அண்ணனுடையதுபோல இருந்ததா?” என்று செம்பன் கேட்டான்.

மருதிக்குப் பொய் சொல்ல வரவில்லை. “இல்லை, தம்பி. அவருடையது இன்னும் நீளம்.”

“ஆமாம், அண்ணி. இன்னும் நீளம்,” என்றான் செம்பன்.

குட்டி விழித்துக்கொள்ளாதபடி, இருவரும் சத்தமில்லாமல் அழுதார்கள்.

நீதி: போனவர் இடத்தைக் காலியாக வைத்துக் காப்பதைவிட, அங்கே நின்று அவர் பிள்ளைகளைக் காப்பதே அன்பு.